அவரைப் பந்தலுக்கு மான் வேலி: நான் போட்ட விதம்

நியூ ஜெர்சியில் கொல்லையில் காய் போடுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுதான். ராத்திரி தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் காபியோடு போய்ப் பார்த்தால் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் காம்பு மட்டும் நிற்கிறது. மிளகாயாவது தப்பும் என்று பார்த்தால் அதிலும் நுனி போயிருந்தது. புதினாவை மட்டும் தொடவில்லை. வீட்டில் புதினாத் துவையல் ஒரு வாரம் ஓடியது.

தின்றது மான்தானா?

மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடித்துப் பிய்த்து இழுக்கும். அதனால் காம்பின் முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக இருக்கும். கொடி மூன்றடிக்கு மேலே கடிபட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மான்தான். பக்கத்தில் வளை தெரிந்தால் கிரவுண்ட்ஹாக் (பெரிய அணில் இனப் பிராணி). அது மண்ணைத் தோண்டி வரும், இந்த வேலி அதற்குப் போதாது.

சோப்புக்கட்டி, தலைமுடி எல்லாம் தொங்கவிட்டுப் பார்த்தாயிற்று. சோப்புக்குப் பக்கத்திலேயே நின்று அவரையை மேய்ந்தது. அழுகின முட்டை நாற்றமுள்ள தெளிப்பு கொஞ்ச நாள் கேட்கும், பிறகு மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும். பலவற்றில் சாப்பிடும் செடிக்கு அடிக்காதே என்று லேபிளிலேயே போட்டிருக்கும். கீரையில் அதை அடித்துவிட்டு யார் பொரியல் செய்வது? வேலி ஒன்றுதான் வழி.

வாங்க வேண்டியவை

ஏழரை அடி உயரக் கறுப்பு பிளாஸ்டிக் மான் வலை. பறவைக்குப் போடும் மெல்லிய வலையை வாங்காதீர்கள், மான் மோதினாலே கிழிந்துவிடும். பத்தடி டி-போஸ்ட் (T வடிவ இரும்புக் கம்பம்), ஜிப் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை), மேலே இழுத்துக் கட்டக் கம்பி, தரையில் குத்த U வடிவ ஆணிகள். ஆணியை மட்டும் கணக்குப் பார்க்காமல் அள்ளி வாங்குங்கள். கறுப்பு ஜிப் டையே போதும், வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்குகிறது.

கம்பம் நடுவது

நடுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். பணம் கிடையாது, மண்ணுக்குள் கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தில் வந்து கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பத்தடிக்கு ஒரு கம்பம், இரண்டரை அடி மண்ணுக்குள். சம்மட்டி வேண்டாம், ஏணியில் நின்று வீசுவது ஆபத்து. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கனமான குழாய் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது, கம்பத்தின் தலையில் கவிழ்த்து இறக்கினால் போதும். பிறகு மேல்கம்பியைக் கட்டி அதில் வலையைத் தொங்கவிடுங்கள்.

அடிப்பகுதி (நான் கோட்டை விட்ட இடம்)

மான் எட்டடி தாண்டும் என்று எல்லோரும் சொன்னதால் என் கண் முழுக்க மேலேயே இருந்தது. வலையின் கீழ்விளிம்பைத் தரையைத் தொடுமளவு விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நன்றாக வளர்ந்த பெட்டை மான் ஒன்று மூக்கை வலைக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிறது. முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டி போட்டு, வயிறு தரையில் உரச, உள்ளே நுழைந்துவிட்டது. தாண்டவே இல்லை! அடியில் இடம் இருக்கும்போது அது எதற்குத் தாண்டப்போகிறது?

திரும்ப எல்லா ஜிப் டையையும் வெட்டி, வலையை அரை அடி கீழே இறக்கினேன். ஏழடி நிமிர்ந்து நிற்க வேண்டும், மீதி அரை அடி தரையில் வெளிப்பக்கமாக மடங்கிக் கிடக்க வேண்டும். உள்பக்கம் மடித்தால் மூக்கால் தூக்கிவிடும். வெளியே கிடந்தால் மான் அதன்மேலேயே நின்றுகொண்டு தள்ளும், தன் எடையே தனக்குப் பூட்டு. ஒன்றரை அடிக்கு ஓர் ஆணி. தரை பள்ளமாக இருக்கும் இடத்தில் கல்லை வைத்து அடையுங்கள். ஒரு மாதத்தில் புல் வலையோடு பின்னிக்கொள்ளும், அதன்மேல் மட்டும் புல்வெட்டும் மெஷினை ஓட்டிவிடாதீர்கள்.

கதவுக்கும் இதே கதைதான்: அடியில் ஒரு பலகை.

கடைசியாக, நாலடி உயரத்தில் வெள்ளைத் துணி நாடாக்களைக் கட்டுங்கள். இருட்டில் கறுப்பு வலை மானுக்குத் தெரியாது, ஓடிவந்து மோதும். நான் கிழிந்த வேட்டியைக் கிழித்துக் கட்டினேன்.

பின்சேர்க்கை 1: டவுன்ஷிப்பில் ஏழடிக்கு அனுமதி இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முதலில் கேட்டுவிட்டு நடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எட்டுக்கு எட்டடிப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஐந்தடி வேலியால் சுற்றிப் பாருங்கள். குறுகிய இடத்துக்குள் குதிக்க மான் தயங்கும்.

பின்சேர்க்கை 2: வேலிக்கு வெளியே அத்திக்கன்று வைத்திருப்பவர்கள் செப்டம்பருக்குள் தண்டைச் சுற்றிக் கம்பிவலை போட்டுவிடுங்கள். ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும்.

பின்சேர்க்கை 3: ஜூனில் வேலியை மூடுகிறவர்கள் முதலில் புதரைப் பாருங்கள். குட்டியை அங்கே படுக்க வைத்துவிட்டுத் தாய் மேயப் போயிருக்கும். தொடாதீர்கள், ஒரு பக்கம் திறந்தே விடுங்கள், தாய் வந்து கூட்டிப்போகும். வேலை முடிந்து வீட்டுக்குள் போனதும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு வரை பாருங்கள், எள்ளைவிடச் சின்னதாக இருக்கும்.