பேக்கப் இருந்தும் ஃபைல் கிடைக்காமல் போவது ஏன்?

பேக்கப்பே எடுக்காதவர்களைவிட, எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கம்ப்யூட்டர் பழுதாகும் நாளில்தான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது.

சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் காப்பி செய்து வைப்பது நிறைய பேர் செய்வது. பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இடம் போதவில்லை என்று போட்டோக்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் அழித்துவிடுவதும் இதே கதைதான். அங்கேயும் இருப்பது ஒரே ஒரு பிரதி.

அடுத்தது கிளவுடு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றின் முக்கிய வேலை சிங்க் செய்வது. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். எக்செல் ஃபைலில் தவறுதலாகப் பாதியை அழித்து சேவ் செய்தால், அந்தப் பாதி ஃபைல்தான் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். அழித்தவை டிராஷில் இருக்கும், உண்மைதான். ஆனால் கூகுள் டிரைவில் 30 நாள் கழித்து அதுவும் தானாகக் காலியாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஃபோல்டர் காணாமல் போனது 30 நாளுக்குள் யார் கண்ணில் படும்? கிளவுடை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்கிறேன்.

வெளி ஹார்டு டிஸ்க் வாங்கியவர்கள் அதை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் பரவிய வானாகிரை போன்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள்), இணைக்கப்பட்டிருக்கும் டிரைவ்களில் உள்ள ஃபைல்களையும் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சேமிப்பு, 1 பிரதி வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டர், வெளி டிஸ்க், கிளவுடு மூன்றும் இருந்தால் இந்தக் கணக்கு சரியாகிவிடும்.

நீங்களே பாஸ்வேர்டு போன்றவற்றால் பூட்டிய (என்கிரிப்ட் செய்த) டிஸ்க்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கர், பூட்டைத் திறக்கத் தரும் 48 இலக்க ரெகவரி கீயை அதே கம்ப்யூட்டருக்குள் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. தாளில் எழுதித் தனியாக வையுங்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு, எடுத்த பேக்கப்பை ஒருநாளும் திறந்து பார்க்காமல் விடுவது. பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது.

வீட்டில் சோதிப்பது சுலபம். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில், எடுத்துப் போடுங்கள். பெயர்கள் வரிசையாகத் தெரிவதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். போட்டோவை முழுசாகத் திறந்து பாருங்கள். பாதி படம் சாம்பல் நிறமாக நின்றால் அந்த ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓடவிடுங்கள். அளவு 0 கேபி என்று காட்டும் ஃபைல்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

சரி, ஃபைல் போயேவிட்டது, பேக்கப்பும் இல்லை என்றால்? அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். பதற்றத்தில் ரெகவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்தால், மீட்க வேண்டிய ஃபைல் இருந்த இடத்திலேயே அது போய் உட்காரலாம். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் மீட்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. டிரிம் வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரும் இதற்கு உதவாது. அது சிஸ்டம் ஃபைல்களையும் செட்டிங்குகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகத்தான்.

பேக்கப் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். பழைய ஃபோல்டரை நேராக இப்போதைய ஃபோல்டர் மேலேயே போட்டு, 'ரீப்ளேஸ்' கொடுத்துவிட்டால் அதன்பிறகு செய்த வேலை எல்லாம் போய்விடும். முதலில் தனி ஃபோல்டரில் இறக்கி, தேதி பார்த்து, அப்புறம் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.