வசனம் சொல்கிறவரெல்லாம் நம்பகமானவரா? விசுவாசிகள் செய்கிற சில தவறுகள்

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குள் நுழைந்தால் பைபிளின் நீதிமொழிகள் புத்தகம் மலையாளத்தில் 'சத்ருசவாக்யங்கள்' ஆகிவிடும். பெயர்தான் வேறு, 31 அதிகாரமும் அதேதான். நாளுக்கு ஒன்றாக மாதாமாதம் வாசித்து முடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அப்படி வாசிக்கிற வீடுகளிலிருந்தும் போலி விசாவுக்குப் பணம் போகத்தான் செய்கிறது.

எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் ரப்பர் ஷீட் விற்றுச் சேர்த்ததை வளைகுடா ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்தார். அந்த ஆள் பேச்சுக்குப் பேச்சு வசனம் சொல்வாராம். "ஜெபம் பண்ணினேன், மனசுல சமாதானம் வந்துச்சு" என்றார் அண்ணன். அவருடைய பாட்டி ஒன்றுதான் கேட்டார்: "லைசென்ஸ் நம்பர கேட்டியா மக்களே?" கேட்கவில்லை.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவது, வசனம் சொல்கிறவரை அப்படியே நம்புவது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறவன் பிசாசு. அதுவும் 'உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி' என்ற பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறான். அதே சங்கீதத்தைத்தான் நாம் வாசலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறோம். ஒட்டுவது தப்பில்லை, அது பூட்டு வேலை செய்யும் என்று நினைப்பதுதான் தப்பு.

இரண்டாவது, மனச் சமாதானத்தையே கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்வது. "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்" (நீதிமொழிகள் 14:15). கவனம் என்றால் விசாரிப்பது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள்.

சரி, கண்ணால் பார்த்தால் மட்டும் போதுமா? யோசுவா 9-இல் கிபியோன்காரர்கள் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்திகளையும் காட்டித் தூரதேசத்தார் என்று நம்பவைத்தார்கள். இஸ்ரவேலர் சாமான்களைப் பார்த்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து மூன்று நாளில் தெரிந்தது, அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆக, ஜெபமும் வேண்டும், விசாரிப்பும் வேண்டும்.

அடுத்தது, எனக்குக் கோபம் வருகிற தவறு. மாடு செத்தால், வரன் தட்டிப்போனால் 'கூடோத்திரம்', அதாவது செய்வினை என்று சொல்லி அடுத்த வீட்டுக் கிழவியைக் கைகாட்டுவது. இதற்கு 'பகுத்தறியும் வரம்' என்று வேறு பெயர் சூட்டுகிறார்கள். அடைக்கலான் குருவி அலைந்து போவதுபோலக் காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது என்று நீதிமொழிகள் 26:2 சொல்கிறது. அந்த வசனத்தைக் கூடோத்திரப் பேச்சு வரும்போது யாரும் எடுப்பதில்லை.

எப்படி இருக்க வேண்டும் என்று இயேசு சீஷர்களுக்குச் சொல்லும் இடத்தில் 'சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்கள்' என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும். வினா என்றால் அங்கே விவேகம். சிறுவயதில் அதைக் கேள்வி என்றே புரிந்துகொண்டேன், அதுவும் ஒன்றும் மோசமில்லை.

கடைசியாக, ஏமாந்தது தெரிந்தபிறகு வெட்கப்பட்டு மூடிவைப்பது. அண்ணன் மூன்று மாதம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிறனுக்குப் பிணைப்பட்டுச் சிக்கியவனிடம் நீதிமொழிகள் 6 தூங்கக்கூட விடாமல் அவசரப்படுத்துகிறது: கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கையிலிருந்து குருவி தப்புவதுபோலத் தப்பு என்கிறது. பணம் போன் வழியாகப் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க வேண்டும். அப்புறம் போதகரிடம் போய் அழலாம்.