இருபது நொடி போதவில்லை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ராத்திரி பழைய கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்தேன். எஃப்பி4 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 125. வெளிச்சம் அளக்கும் மீட்டர் 20 நொடி திறந்து வை என்றது, அப்படியே வைத்தேன். கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் ஒளி பதியாமல் வெறும் கண்ணாடி மாதிரி. தெருவிளக்குகள் மட்டும் கரும்புள்ளிகளாக.

மீட்டர் மேல் தப்பில்லை. மங்கிய வெளிச்சத்தில் நேரம் நீள நீள ஃபிலிம் சோம்பிப் போகும். விண்மீன் படங்களில் ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ஷில்ட் 1900வாக்கிலேயே கண்ட சங்கதிதான். இந்த ஃபிலிமுக்கு, மீட்டர் சொல்லும் நொடியை 1.26 மடங்கு அல்ல, 1.26 அடுக்குக்கு (20^1.26 என்பதுபோல) உயர்த்த வேண்டும். அப்படிப் பார்த்தால் 20 நொடி 44 ஆகிறது.

சரி என்று அடுத்த வாரம் முக்காலி, கேமராவைத் தொடாமல் ஷட்டரைத் திறக்கும் கேபிள் ரிலீஸ் இரண்டோடும் போய் 44 எண்ணினேன். செங்கல் வரிசைகூட விழுந்தது. குறுக்கே நடந்தவர்கள் ஒருவரும் படத்தில் இல்லை. “என்ன தம்பி எடுக்கறீங்க?” என்று நின்று கேட்ட பெரியவர் மட்டும் ஆவி மாதிரி.