ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையா? அமெரிக்கா போயிருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாகப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பதெல்லாம் வாடகை வீடு, சோஷியல் செக்யூரிட்டி எண், லைசென்ஸ், கிரெடிட் ஸ்கோர் பற்றித்தான். அதெல்லாம் ஒரு வழிக்கு வந்து கையில் நாலு காசு தங்கியதும் பேச்சு காருக்கு வரும். ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் படித்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல். நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து வளர்ந்தவர்கள். “அண்ணா, ஜப்பான்லருந்து நேரா இறக்கலாமாமே, ஸ்டியரிங்கும் நம்மூர் மாதிரி வலப்பக்கந்தானாமே, ஊருக்குத் திரும்பும்போது கையோட கொண்டாந்துடலாமில்ல?” என்று கேட்கிறார்கள். சில ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது.

கேள்வியின் கடைசிப் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவர முடியாது. பழைய காரை இறக்க வேண்டுமென்றால், அமெரிக்காவுக்கு அது செய்து 25 வருடம் ஆகியிருக்க வேண்டும். இந்தியாவுக்கு மூன்று வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அங்கே சட்டப்படி இறங்குகிற ஸ்கைலைனுக்கு இங்கே கதவு எப்போதோ மூடியாகிவிட்டது. ஆகவே அந்த வண்டியை வாங்குவதானால் அங்கே ஓட்டுவதற்காக மட்டுமே வாங்குங்கள். “அப்பாவுக்கு அனுப்பலாம்” என்ற எண்ணத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

சரி, அங்கே ஓட்டத்தான் என்று முடிவாகிவிட்டால் வழி இருக்கிறது. 1988இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி செய்யப்படாத காரைச் சாதாரண ஆள் இறக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். 25 வருடம் நிறைந்த வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த 25ஐ மாடல் வருடத்தை வைத்து எண்ணக் கூடாது, தொழிற்சாலையில் செய்து முடித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 ஜப்பானில் 1999 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதனால் 2024 ஜனவரியில்தான் அதற்கு அமெரிக்கா திறந்தது. 2002இல் செய்த கடைசி வண்டிகள் 2027 வரை காத்திருக்க வேண்டும். விற்பவர் “2001 மாடல்” என்று சொன்னால் எந்த மாதம் செய்தது என்று கேளுங்கள். 25 வருடம் நிறைவதற்கு முன்பே வண்டி அமெரிக்கத் துறைமுகத்தில் வந்து இறங்கினால் அங்கேயே பிடித்துவைப்பார்கள். திருப்பி அனுப்புவதும் நொறுக்குவதும் உங்கள் செலவில். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு தேதி. அது செய்த தேதிக்குப் பிறகுதான் வரும், ஆகவே அதை வைத்து 25 எண்ணினால் ஏமாற மாட்டீர்கள்.

புகை விதிக்கு வேறு கணக்கு: 21 வருடம் ஆகி, எஞ்சின் மாற்றாமல் இருந்தால் விலக்கு. பாதுகாப்பு விதிக்கு எச்.எஸ்-7, புகை விதிக்கு 3520-1 என்று இரண்டு படிவங்கள். கண்டெய்னரில் வருவதானால் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத்துக்கு விவரம் போயிருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் விட்டுவிடுங்கள், அந்தக் காசு வீணில்லை. காருக்கான அடிப்படைச் சுங்கம் நெடுங்காலமாக 2.5 சதவீதம். 2025இலிருந்து கூடுதல் வரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பணம் கட்டும் வாரத்திலேயே புரோக்கரிடம் நிலவரம் கேளுங்கள். ஆறு மாதம் முன்பு யாரோ கட்டிய தொகையை நம்ப வேண்டாம்.

மாநிலம்தான் பலர் யோசிக்காத இடம். மத்திய அரசு அனுமதித்த வண்டியைப் பதிவு செய்ய வேண்டியது மாநிலம். கலிபோர்னியாவில் 1975க்குப் பிந்தைய வண்டி அந்த மாநிலத்தின் சொந்தப் புகை விதியைத் தாண்டியாக வேண்டும். 25 வருடச் சலுகை அங்கே செல்லாது. புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைப் பொருத்தி ஆய்வகத்தில் சோதித்து எடுப்பதற்குள் ஒரு நல்ல கார் விலையே போய்விடும். டெக்ஸாஸில் இருக்கும்போது வாங்கிவிட்டு வேலை மாறி கலிபோர்னியா போக நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? எச்-1பி விசாவில் இருப்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதுதான். வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அந்த 60 நாளில் வீட்டைக் காலி செய்வதா, பிள்ளையின் பள்ளியைப் பார்ப்பதா, இப்படி ஒரு வண்டிக்கு ஆள் தேடுவதா? முதல் இரண்டு வருடம் ஒரு சாதாரண கார் போதும். ஆசையை விடச் சொல்லவில்லை, கால் ஊன்றும்வரை தள்ளிப்போடச் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் இன்னும் சில மாடல்களுக்கும் 25 நிறைந்துவிடும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் ஜப்பானிய ஏலம். அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, காரணம் ஏலத்தாள். ஏலக் கூடத்தின் ஆய்வாளர் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து ஒரு தாளில் எழுதிவைக்கிறார். மேலே மதிப்பெண்: 4, 4.5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் வயதுக்கேற்ற தேய்மானம். எண்ணுக்குப் பதில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. கீழே காரை விரித்துவைத்தாற்போல் ஒரு படம், அதன்மேல் சின்னச் சின்ன எழுத்துகள். ஏ என்றால் கீறல், யு நெளிவு, டபிள்யூ தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்த இடம், எஸ் துரு, சி அரிப்பு, இரண்டு எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. பக்கத்தில் வரும் எண் எவ்வளவு மோசம் என்பதைக் காட்டும். ஏ1 நகக்கீறல் அளவு, ஏ3 தூரத்திலிருந்தே தெரியும். ஓரத்தில் கையெழுத்தில் ஜப்பானிய மொழியில் சில வரிகள் இருக்கும். உண்மை பெரும்பாலும் அந்த வரிகளில்தான் இருக்கிறது: டர்போ சத்தம், ஓடோமீட்டர் மாற்றியது, அடிப்பாகம் துரு. காசு கொடுத்தாவது ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு படித்துவிடுங்கள். ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசத்தில் ஓடிய வண்டியென்றால் சாலையில் தூவும் உப்பு அடித்தட்டைத் தின்றிருக்கும். மேலே பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், கீழிருந்து எடுத்த படம் கேளுங்கள். ஏலத்தாளைத் தராமல் “வண்டி சூப்பர்” என்று மட்டும் சொல்கிறவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

இனி ஓட்டுவது. வலப்பக்க ஸ்டியரிங் அமெரிக்காவில் குற்றமில்லை. அங்கே தபால் வண்டிகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் சாலையின் வலப்பக்கம் போகும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது ஓரத்தில். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பாதையில் முன்னால் லாரி போனால் வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் எடுத்து எதிரே வருவதைப் பார்த்துவிட்டு ஏறுவோமில்லையா, அங்கே அதே வேலைக்கு முக்கால் காரை எதிர்த்தடத்தில் நீட்டிய பிறகுதான் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியும். இருவழிச் சாலையில் முந்தவே வேண்டாம், அல்லது பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு, அது நம்மவர்களுக்கு மட்டும். கியர் இடக்கையில், ஸ்டியரிங் வலப்பக்கம், எல்லாம் ஊரில் பழகிய மாதிரியே இருப்பதால் உடம்பு தன்னால் சாலையின் இடப்பக்கத்துக்குப் போகப் பார்க்கும். ராத்திரி ஆளில்லாத பார்க்கிங்கிலிருந்து திரும்பும்போது இது நடக்கும். ஊரில் பத்து வருடம் ஓட்டியவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முகப்பு விளக்கை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். ஜப்பான் வண்டியின் டிம் வெளிச்சம் இடப்பக்க ஓரத்தைத் தூக்கிக் காட்டும்படி செய்யப்பட்டது. வலப்பக்கச் சாலையில் அந்த இடத்தில் ஓரம் கிடையாது, எதிரே வருபவரின் கண்தான் இருக்கும். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி எடுங்கள்; சாதாரண பாலிசியில் இது வெறும் பழைய நிசான்.

கனடாவில் 15 வருடம் போதும். ஆனால் கியூபெக் மாகாணத்தில் வலப்பக்க ஸ்டியரிங் என்றால் 25 வருடம். ஆஸ்திரேலியாவில் 25 வருட விதி, அனுமதி கையில் வந்த பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி வீட்டில் கேட்டால் சொல்ல வேண்டிய விவரம் இது. இந்தியாவுக்குள் வரும் பழைய கார் வலப்பக்க ஸ்டியரிங்காக இருக்க வேண்டும், செய்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சென்னையில் இறக்க முடியாது. பிறகு புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் சோதனை. அமெரிக்காவில் ஷோரூமில் வாங்கும் புதுக் காருக்கோ இடப்பக்க ஸ்டியரிங், அது வாசலிலேயே நின்றுவிடும். குடிபெயர்ந்து திரும்பும்போது வீட்டுச் சாமானுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை காருக்குக் கிடையாது. வரியைச் சொல்வதானால், 100 ரூபாய் வண்டி துறைமுகத்தைவிட்டு வெளியே வரும்போது 300ஐத் தாண்டிவிடும். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ இருப்பவர்களுக்கு வயதும் ஸ்டியரிங்கும் ஒத்துவந்தாலும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதற்குக் குறுக்கு வழி காட்டுபவர்கள் ஊரிலேயே உண்டு. வேறு மாநிலப் பதிவோடு, “பேப்பர் எல்லாம் பக்கா” என்று, பாதி விலையில் வெளிநாட்டு வண்டி. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பூடான் வழியாக வந்த கார்களைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தது நினைவிருக்கும். அப்படிப் போகும்போது வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும், வழக்கும் உங்கள் பெயரில் வரும். அப்பாவுக்குக் கார் வேண்டுமென்றால் பணத்தை அனுப்புங்கள். பெங்களூரு ஒன்றரை மணி நேரத் தூரம், ஓசூரிலேயே ஷோரூம்கள் இருக்கின்றன. டிஎன்-24 எண்ணோ, தருமபுரியென்றால் டிஎன்-29 எண்ணோ, ஒழுங்காக ஆர்.டி.ஓ.வில் பதிவாகி அவர் பெயரில் நிற்கட்டும்.

உங்கள் ஸ்கைலைனை நாடு திரும்பும்போது அங்கேயே விற்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஏலத்தாள், ஏற்றுமதிச் சான்றிதழ், சுங்கம் முத்திரையிட்ட படிவங்கள், சர்வீஸ் ரசீதுகள் எல்லாவற்றின் மூலப் பிரதியையும் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். இந்த வண்டிகளைத் தேடி வாங்குபவர்கள் அந்தக் கோப்புக்குத் தனியாக விலை கொடுப்பார்கள். விற்க நான்கைந்து மாதம் ஆகலாம். டிக்கெட் போடுவதற்கு முன்பே விளம்பரத்தைப் போட்டுவிடுங்கள்.