இரண்டு சிக்னல்களில் எது பிந்தியது, எவ்வளவு? கிராஸ் கோரிலேஷன் செய்முறை

ஒரே ஓசையை இரண்டு மைக்குகள் பதிவு செய்கின்றன. ஒன்று சற்றுத் தள்ளி இருப்பதால் அதற்கு ஓசை தாமதமாகப் போய்ச் சேர்கிறது. இரண்டு அலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் தாமதம் இருப்பது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. அதை எண்ணாக எடுத்துத் தருவதுதான் கிராஸ் கோரிலேஷன். புள்ளியியலில் படித்த ஒட்டுறவுக்கு நெருங்கிய சொந்தம்தான்: ஒரு சிக்னலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டையும் பெருக்கிக் கூட்டுகிறோம்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள்.

அ: 0, 1, 3, 1, 0, 0, 0
ஆ: 0, 0, 0, 1, 3, 1, 0

நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் 1. ஆ-வை இடப்பக்கம் ஒரு சாம்பிள் (வரிசையில் உள்ள ஒவ்வொரு எண்ணும், அதாவது ஒவ்வொரு அளவீடும், ஒரு சாம்பிள்) நகர்த்தினால் 6, இரண்டு நகர்த்தினால் 11, மூன்று நகர்த்தினால் மறுபடி 6. உச்சம் இரண்டில் வருகிறது. அப்படியானால் ஆ 2 சாம்பிள் பிந்தியது.

சரி, இப்போது நிஜத் தரவு.

படி 1: இரண்டு சிக்னல்களும் ஒரே சாம்பிளிங் வேகத்தில் (நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற கணக்கு) இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஒன்றை மற்றதன் வேகத்துக்கு மாற்றுங்கள் (மறுசாம்பிள்).

படி 2: ஒவ்வொன்றிலிருந்தும் அதன் சராசரியைக் கழியுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது, நானும் தாண்டியிருக்கிறேன். ஒரு குழாயின் இரு முனைகளிலும் வைத்த வெப்பநிலை சென்சார்களை ஒப்பிட்டபோது தாமதம் 0 என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டு அளவுகளும் 30 டிகிரியைச் சுற்றியே இருந்தன. எல்லாம் பெரிய நேர்ம எண்கள் என்பதால், சிக்னல்கள் முழுதாக ஒன்றன்மேல் ஒன்று இருக்கும் இடத்தில்தான் கூட்டுத்தொகை அதிகம். நகர்த்த நகர்த்தக் குறையும். கிடைத்தது ஒரு முக்கோணம், உச்சி நடுவில். சராசரியைக் கழித்த பிறகுதான் உண்மையான தாமதம் வெளியே வந்தது.

படி 3: கோரிலேட் செயல்பாட்டை அழையுங்கள். பைத்தான் நிரல்மொழியில் சைபை என்ற நூலகத்தின் கோரிலேட் எல்லா நகர்வுகளுக்கும் விடை தரும். நம்பை என்ற இன்னொரு நூலகத்தில் இருக்கும் அதே பெயருள்ள செயல்பாடோ, அமைப்பை மாற்றாவிட்டால், சம நீளச் சிக்னல்களுக்கு ஒரே ஒரு எண்ணைத் தந்துவிட்டு நின்றுவிடும். அந்த அமைப்பில் 'ஃபுல்' என்று கேட்டு எல்லா நகர்வுகளையும் வாங்குங்கள்.

படி 4: உச்சத்தின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் தலா 1000 சாம்பிள் என்றால் விடையில் 1999 எண்கள் இருக்கும். 0-விலிருந்து எண்ணினால் 999-வது இடம்தான் பூச்சிய நகர்வு. உச்சம் இருக்கும் இடத்திலிருந்து 999-ஐக் கழித்தால் தாமதம் சாம்பிள் கணக்கில் வந்துவிடும்.

குறியில்தான் குழப்பம். சைபையிலும், மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் எக்ஸ்கார் செயல்பாட்டிலும் முதலில் கொடுத்த சிக்னல் பிந்தியிருந்தால் நேர்ம எண் வரும். அதே மேட்லேபில் ஃபைண்ட்டிலே என்றொரு செயல்பாடு உண்டு. அதில் இரண்டாவது பிந்தியிருந்தால்தான் நேர்மம்! மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே உள்ள அ, ஆ இரண்டையும் முதலில் கொடுத்துப் பாருங்கள். 2 வருகிறதா, −2 வருகிறதா என்பதே பதில் சொல்லிவிடும்.

படி 5: சாம்பிளை நேரமாக்குங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 441 சாம்பிள் தாமதம் 10 மில்லிநொடி. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆக, ஒரு மைக்கைவிட மற்றது ஓசையிலிருந்து 3.43 மீட்டர் கூடுதலாகத் தள்ளி இருக்கிறது.

ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் சிக்னலில் மட்டும் உச்சத்தை நம்பிவிடாதீர்கள். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையில் 10 மில்லிநொடிக்கு ஒரு உச்சம் வரும். தாமதம் 3 மில்லிநொடியா, 13 மில்லிநொடியா என்று சொல்லவே முடியாது. கைதட்டல் போன்ற சட்டென்று எழுந்து அடங்கும் ஓசை இருந்தால் ஒரே உச்சம் தெளிவாக நிற்கும்.

கடைசியாக, கிடைத்த தாமதத்தின்படி ஒரு சிக்னலை நகர்த்தி இரண்டையும் மறுபடி வரைந்து பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லையா? படி 2-க்குத் திரும்புங்கள்.