லினக்ஸுக்கு மாறும்போது ‘டி’ டிரைவை நம்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் பக்கம் வருகிறார்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். காரியம் கெடுவது பெரும்பாலும் இன்ஸ்டால் பட்டனை அமுக்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான்.

விண்டோஸை மறுபடி போட்டால் ‘சி’ மட்டும் அழியும், ‘டி’ டிரைவில் உள்ள கல்யாண ஃபோட்டோ பத்திரமாக இருக்கும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. அது இங்கே செல்லாது. மின்ட் இன்ஸ்டாலரில் டிஸ்கை அழித்துவிட்டு நிறுவச் சொன்னால் டிஸ்க் முழுக்கப் போகும்; சி, டி எல்லாம் அதன் பார்ட்டிஷன்கள், அதாவது பிரித்த பகுதிகள்தானே. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறகு தொடங்கலாம்.

விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்றால் மூன்று விஷயம். டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பகுதி) செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள்; அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாது. இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். குறைந்தது 20 ஜிபி. 100 இருந்தால் நிம்மதி.

இப்படி இரண்டையும் ஒரே கணினியில் வைத்த (டூயல் பூட்) பிறகு விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் மதர்போர்டு பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கிறது. அவ்வளவுதான்.

8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக பிரிண்டர். கேனன் எல்பிபி2900 வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனிக்க: அதற்குத் தனி டிரைவர் வேண்டும், செருகியதும் ஓடாது. கணக்கு மென்பொருளான டாலிக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. கணக்கு எழுதும் கணினியை மாற்றாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

நம்மவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது பாமினி ஃபான்ட்டில். பத்து வருடக் கடிதங்களை, வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஆபீஸில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். ஃபைல் கெடவில்லை. பாமினி ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. ஃபான்ட் இல்லாவிட்டால் போர்வை விலகிவிடும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபைலை முன்கூட்டியே நகலெடுத்து மின்ட்டில் நிறுவினால் பழையபடி படிக்கலாம். அப்படியே விட்டுவிடாமல், ஓய்வு கிடைக்கும்போது, தனி ஃபான்ட்டை நம்பியிராத யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.