நியூசிலாந்தின் பழைய மனுக்களைத் தேடிப் படிப்பது எப்படி?

காலனி காலத்து நியூசிலாந்தில் ஒருவர் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினால் அது என்ன ஆகும்? வீட்டில் உட்கார்ந்தபடியே நீங்களே துருவிப் பார்க்கலாம். ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஓரளவு ஆங்கிலம் படிக்க வந்தால் போதும்.

முதல் படி: ஒரு மனுவைத் திறங்கள்

பழக 1893-ஆம் ஆண்டின் பெண்கள் வாக்குரிமை மனுதான் சரி. நியூசிலாந்து வரலாற்றுக்கான 'என்இசட் ஹிஸ்டரி' (NZHistory) தளத்தில் ஊர் பெயரையோ ஆள் பெயரையோ போட்டு அதில் தேடலாம்.

வாக்குரிமை கேட்டு 1891-லேயே 9,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டார்கள். மறுவருடம் ஏறக்குறைய 20,000 பேர். 1893-ல் 13 மனுக்களில் 31,872 கையெழுத்துகள். அவற்றில் பெரியது ஒன்று மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட தாள்களை வாக்குரிமை இயக்கத் தலைவி கேட் ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கட்டைத் துண்டில் சுருட்டினார். நீளம் சுமார் 270 மீட்டர். பெண்களை ஆதரித்த உறுப்பினர் சர் ஜான் ஹால் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டபோது, கட்டை கடைசிச் சுவரில் போய் 'தட்' என்று மோதியதாம்.

இரண்டாம் படி: மேலே அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள்

எல்லோரும் நேராகக் கையெழுத்துகளுக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். குறை என்ன, கோரிக்கை என்ன என்று தாளின் தலைப்பகுதியில் பிரித்துப் பாருங்கள். பெண்கள் சொல்வதன் சாரம் இதுதான்: எங்கள் கோரிக்கை நியாயமானது என்று போன கூட்டத்தொடரிலேயே இரு அவைகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அடுத்த பொதுத் தேர்தலுக்குள் வழி செய்யாவிட்டால், நீங்களே நியாயம் என்று ஒப்புக்கொண்ட உரிமை எங்களுக்குப் பல ஆண்டுகள் கிடைக்காமல் போகும். மனுவுக்கே உரிய பணிவான சொற்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் கெஞ்சவில்லை, அவை ஒப்புக்கொண்டதை அவைக்கே நினைவூட்டுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அப்புறம் கையெழுத்துகள். ஒரே தெருவின் பெயர் வரிசையாக வந்தால், யாரோ ஒரு பெண் அந்தத் தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

எதிர்மனுக்களையும் விட்டுவிடாதீர்கள். டுனெடின் உறுப்பினர் ஹென்றி ஃபிஷ் ஆள் வைத்து மதுக்கடைகளில் கையெழுத்து திரட்டினார். அவற்றில் பொய்க் கையெழுத்துகளும் ஏமாற்றி வாங்கியவையும் இருந்தது தெரியவந்து, அது அவர் பக்கத்துக்கே கெடுதலாக முடிந்தது.

மூன்றாம் படி: குழுவின் பதிலைத் தேடுங்கள்

அந்தக் காலத்தில் குடிமக்கள் நேரே அவைக்குள் மனு கொடுக்க முடியாது. ஓர் உறுப்பினர் மூலமாகத்தான் போக வேண்டும். பிறகு அது மனுக்குழுவுக்குப் போகும். மனுதாரரின் குடும்பப் பெயர் ஏ முதல் எல் வரை என்றால் ஒரு குழு, எம் முதல் இசட் வரை என்றால் இன்னொன்று. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மனுக்களுக்கு 'நேட்டிவ் அஃபேர்ஸ்' (Native Affairs, பூர்வகுடி விவகாரங்கள்) குழு தனியாக இருந்தது. அதன் அறிக்கைகள் பழைய செய்தித்தாள்களும் ஆவணங்களும் உள்ள 'பேப்பர்ஸ் பாஸ்ட்' (Papers Past) தளத்தின் நாடாளுமன்ற ஆவணப் பகுதியில், 'ஐ-3' என்ற எண்ணின் கீழ் இருக்கின்றன.

பதில் பெரும்பாலும் ஓரிரு வரிதான். 'சிபாரிசு எதுவும் இல்லை' என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள். 'அரசின் பரிசீலனைக்கு' என்றிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனால் குழு ஆதரித்தாலும் அரசு அதன்படி நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலத்தை இழந்தவர்களின் நீண்ட முறையீட்டுக்குக் கீழே அந்த ஒற்றை வரியைப் பார்க்கும்போது நெஞ்சு கனத்துப்போகும். அதனால்தான் சொல்கிறேன், மனுவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: பின்தொடருங்கள்

பெண்கள் மனுவின் முடிவு சீக்கிரமே தெரிந்தது. 1893 செப்டம்பர் 8 அன்று மேலவையில் மசோதா 20-க்கு 18 என்று தப்பிப் பிழைத்தது. பிரதமர் செடான் ஓர் உறுப்பினரின் வாக்கை மாற்ற முயன்றதில் கோபப்பட்டு, எதிர்ப்பாளர்கள் இருவர் ஆதரவாக வாக்களித்ததும் அதற்கு ஒரு காரணம். 19-ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார்; நவம்பரிலேயே பெண்கள் வாக்களித்தார்கள்.

தென் தீவின் மாவோரி இனத்தாரான நாய் தாஹு (Ngāi Tahu) மக்களுக்கு அப்படி நடக்கவில்லை. 1848-ல் 2,000 பவுண்டுக்கு வாங்கப்பட்ட அவர்களின் நிலம் பற்றிய முறையீடுகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. தீர்வுச் சட்டம் 1998-ல்தான் வந்தது. ஆகவே ஒரு மனுவுக்கு 'சிபாரிசு இல்லை' என்று கண்டால், அதே பெயரையும் அதே ஊரையும் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் போட்டுத் தேடுங்கள். திரும்பவும் எழுதியிருக்கக்கூடும்.